குழந்தையின் இடுப்புப் பக்க வீக்கம்: முதுகெலும்பையும் விலா எலும்பையும் ஏன் பார்க்க வேண்டும்?

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் பொறுப்பு நம் தாமிரபரணிக் கரையூர்களில் இன்றும் பெரும்பாலும் ஆச்சிமாரிடமே இருக்கிறது. கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்க்கும்போது அதன் முதுகை முழுவதுமாகப் பார்ப்பவர் அவரே. இக்கட்டுரையில் நாம் பேசவிருக்கும் குறையை மருத்துவருக்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியவரும் அவரே. குழந்தை வீறிட்டு அழுகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகை ஒட்டிய பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு மேடு எழும்புகிறது. அழுகை நின்று பால் குடிக்கத் தொடங்கியதும் அது அமுங்கி மறைந்துவிடுகிறது.

இதைக் கண்ட வீட்டார் ‘வாயு சேர்ந்திருக்கிறது’ என்பர். ‘கொழுப்புக் கட்டி’ என்பர். ‘வளர வளரத் தானே சரியாகிவிடும்’ என்றும் ஆறுதல் சொல்வர். அழும்போது எழுந்து, அமைதியானதும் மறையும் வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கமாகவே இருக்கும். மக்கள் வழக்கில் இதனை இரணியா என்கிறோம். தொப்புளிலும் தொடை இடுக்கிலும் வரும் இரணியா பலரும் அறிந்தது. முதுகுப் பக்கத்தில், இடுப்புக்கு மேலே பிறவியிலேயே வருவது மிக அரிது. அரிது என்பதனாலேயே அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இவ்வீக்கத்தைக் கண்டால் அதனோடு நின்றுவிடாமல் குழந்தையின் முதுகெலும்பு, விலா எலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றையும் சோதித்தறிய வேண்டும். இதுவே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி.

இது என்ன குறை?

நம் வயிற்றைச் சுற்றிலும் தசைகளால் ஆன ஒரு சுவர் உண்டு. அதனை ஒரு குளத்தின் கரைக்கு ஒப்பிடலாம். கார்த்திகை மழையில் குளம் நிறையும்போது கரை முழுவதும் ஒரே சீராக இருந்தால் நீர் உள்ளேயே நிற்கும். மண் குறைவாக விழுந்த இடம் ஒன்று இருந்தால், நீரின் அழுத்தம் அங்கேதான் வெளியே தள்ளும். குழந்தை அழும்போதும், இருமும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. தசைச் சுவரில் வலுவற்ற இடம் இருந்தால் குடலோ, கொழுப்போ, சில வேளைகளில் சிறுநீரகமோ அவ்வழியே வெளியே பிதுங்கித் தோலுக்கு அடியில் மேடாகத் தெரிகிறது.

இடுப்புப் பக்கத்தில் இயல்பாகவே வலுக்குறைந்த இரண்டு முக்கோணப் பகுதிகள் எல்லோருக்கும் உண்டு. பன்னிரண்டாம் விலா எலும்பின் கீழே உள்ளது மேல் முக்கோணம். இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே உள்ளது கீழ் முக்கோணம். கீழ் முக்கோணம் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தியின் பெயரைத் தாங்கியது. மேல் முக்கோணத்தை 1866-இல் கிரின்ஃபெல்ட்டும், 1870-இல் லெஸ்ஹாஃப்டும் விளக்கினார்கள். பெரியவர்களுக்கு விபத்தினாலோ, முன்பு செய்த அறுவைச் சிகிச்சையினாலோ இவ்விடங்களில் குடலிறக்கம் ஏற்படலாம். குழந்தைக்குப் பிறவியிலேயே இருந்தால் அங்குள்ள தசை கருவிலேயே சரியாக உருவாகவில்லை என்பது பொருள்.

தொப்புள் இரணியா பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதிற்குள் தானே மூடிக்கொள்ளும். இடுப்புப் பக்கக் குடலிறக்கம் அவ்வாறு மூடிக்கொள்வதில்லை. குழந்தை வளர வளர அந்த இடைவெளியும் விரியும். எனவே ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்ற அறிவுரை இங்கே பொருந்தாது.

முதுகெலும்பும் விலாவும் இதில் எங்கே வந்தன?

கருவுற்ற மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரையில் கருவின் முதுகுப் பகுதியில், நடுக்கோட்டின் இருபுறமும், இணை இணையாகச் சிறு திசுக்கட்டிகள் மேலிருந்து கீழாக வரிசையாக உருவாகின்றன. ஒவ்வொரு கட்டியின் ஒரு பகுதி முள்ளெலும்பாகவும் விலா எலும்பாகவும் வளர்கிறது. இன்னொரு பகுதி முதுகுத் தசையாகவும் வயிற்றுச் சுவரின் தசையாகவும் வளர்கிறது. எலும்புக்கும் தசைக்கும் தொடக்கம் ஒன்றே.

பத்தமடைப் பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோரைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தே பாய் நெய்கிறார்கள். நடுவே இரண்டு மூன்று கோரைகள் விடுபட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழுவதோடு அருகிலுள்ள வரிசைகளும் தளர்ந்து பாயே ஒரு பக்கம் கோணிப்போகும். கருவின் முதுகிலும் அவ்வாறே. ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த சில திசுக்கட்டிகள் சரியாக உருவாகாமல் போனால் அங்கே தசை குறைகிறது; குடலிறக்கம் வருகிறது. அதே பக்கத்தில் கீழ்விலா எலும்புகள் ஒன்றிரண்டு இல்லாமல் போகலாம்; அல்லது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். முள்ளெலும்பு பாதி மட்டுமே உருவாகியிருக்கலாம்; இதனை அரை முள்ளெலும்பு என்கிறோம். அரை முள்ளெலும்பு ஆப்பு வைத்தாற்போல் நடுவில் நிற்பதால் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழந்தைகள் அறுவை மருத்துவர் ராபர்ட் டூலூக்கியன் 1972-இல் இம்மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல, கருவில் ஒரே இடத்தில் நேர்ந்த ஒரே குறையின் மூன்று வெளிப்பாடுகள் என்று விளக்கினார். இடுப்புத் தசை, விலா, முள்ளெலும்பு ஆகிய மூன்றின் பெயரையும் சேர்த்து இது லம்போ காஸ்டோ வெர்டிபிரல் சிண்ட்ரோம் எனப்படுகிறது. உங்கள் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் இந்நீண்ட பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘இடுப்பு, விலா, முதுகெலும்பு ஆகியவற்றின் கூட்டுக் குறை’ என்பதே அதன் பொருள்.

சிறுநீரகங்களும் இதயமும் அதே வாரங்களில் உருவாகத் தொடங்குகின்றன. ஆகையால் சில குழந்தைகளுக்கு ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாதிருத்தல், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்குவதில் தடை, விரை கீழிறங்காமை, உதரவிதானத்தில் ஓட்டை, இதயக் குறை, மலவாய் அமையாமை போன்றவையும் சேர்ந்திருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் இவை இருக்கும் என்பதில்லை. வீக்கம் மட்டுமே உள்ள குழந்தைகளும் உண்டு. இருக்கிறதா, இல்லையா என்பதைச் சோதித்து அறிந்துகொள்வதே முறை.

தாயின் குற்றமா?

மருத்துவமனைக்கு வரும் தாய்மார் பலரின் மனத்தில், கேட்கவும் தயங்கி, இக்கேள்வி இருக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலா? குடம் தூக்கியதாலா? வயலில் குனிந்து நாற்று நட்டதாலா? பிரசவத்தின்போது குழந்தையை இழுத்ததாலா? வீட்டார் சொன்ன சொற்களும் சேர்ந்து அவரை வருத்துகின்றன.

இதற்கான விடையைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். இக்குறை உருவாவது கருவுற்ற மூன்றாம் வாரத்திற்கும் ஐந்தாம் வாரத்திற்கும் இடையில். தாய் தாம் கருவுற்றிருப்பதை உறுதி செய்துகொள்ளும் காலமே அதுதான். அதற்குப் பிறகு தூக்கிய குடமோ, பார்த்த கிரகணமோ, பிரசவம் பார்த்தவரின் கையோ ஏற்கெனவே உருவாகிவிட்ட எலும்பை இல்லாமல் செய்திருக்க முடியாது. இது பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனித்து நேர்வது. தாயையோ தந்தையையோ பழி சொல்வதற்கு இதில் இடமில்லை.

ஆயினும் இரண்டு செய்திகள் அடுத்த பேற்றுக்குப் பயன்படும். கருவுறும் முன்பே சர்க்கரை நோய் இருந்து, அது கட்டுப்பாட்டில் இல்லாவிடில் கருவின் முதுகெலும்பில் குறைகள் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே கருவுறத் திட்டமிடும்போதே சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நன்று. அடுத்து, ஒன்றிரண்டு எலும்புகளில் மட்டுமன்றி, மேலிருந்து கீழ் வரை பல முள்ளெலும்புகளும் பல விலா எலும்புகளும் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருந்தால் அது வேறு வகையான பரம்பரைக் குறையாக இருக்கக்கூடும். சொந்தத்தில் மணம் செய்துகொண்ட பெற்றோருக்கு அவ்வகை மீண்டும் வர வாய்ப்புண்டு. அப்போது மரபணு ஆலோசனை பெறுமாறு மருத்துவரே சொல்வார்.

என்னென்ன பரிசோதனைகள்?

முதலில் மருத்துவர் குழந்தையின் உடைகளை முழுவதும் களைந்து, அழும்போதும் அமைதியாக இருக்கும்போதும் பார்ப்பார். முதுகின் நடுவே மயிர்க்கற்றை, குழி, நிறமாற்றம் உண்டா, கால்கள் இரண்டும் ஒரே அளவில் அசைகின்றனவா, சிறுநீர் பீய்ச்சியடிக்கிறதா அல்லது சொட்டுச்சொட்டாக ஒழுகுகிறதா என்றும் கவனிப்பார். இவை தண்டுவடத்தில் குறை உண்டா என்பதைக் காட்டும் அறிகுறிகள். வீட்டில் நீங்கள் கண்டவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். அழும்போது எழும் வீக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வந்தால் பேருதவியாக இருக்கும். மருத்துவமனையில் குழந்தை உறங்கிவிட்டால் வீக்கம் தெரியாமலே போய்விடும்.

அடுத்து வயிற்று ஸ்கேன் எடுக்கப்படும். வெளியே வருவது குடலா, கொழுப்பா, சிறுநீரகமா என்பதையும், இரண்டு சிறுநீரகங்களும் தத்தம் இடத்தில் உள்ளனவா என்பதையும் அது காட்டும். இதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதுகின் எலும்புகள் இன்னும் இறுகாமல் இருப்பதால் தண்டுவடத்தையும் இதே ஸ்கேன் மூலம் ஓரளவு பார்க்கலாம். விலா எலும்புகளை எண்ணவும், முள்ளெலும்புகளின் வடிவத்தை அறியவும் எக்ஸ்ரே தேவை. இதயத்திற்கு எக்கோ எடுக்கப்படும். ஐயம் இருந்தால் மட்டும் சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தருவார். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது குழந்தை அசையாதிருக்க உறக்க மருந்து தரவேண்டியிருக்கலாம்.

‘வீக்கத்துக்குத்தானே வந்தோம், நெஞ்சுக்கும் முதுகுக்கும் ஏன் படம் எடுக்கிறார்கள்?’ என்று சில குடும்பத்தார் வருந்துவதுண்டு. பாயின் உவமையை இங்கே நினைவு கொள்ளுங்கள். மயக்க மருந்து தரும் மருத்துவருக்கும் இவ்விவரம் மிகத் தேவை. விலா எலும்பு இல்லாத பக்கத்தில் மூச்சு இயல்பாக இயங்காதிருக்கலாம். வளைந்த முதுகெலும்பும் சளித் தொல்லையும் சேர்ந்தால் முன்னேற்பாடு வேண்டும்.

அறுவைச் சிகிச்சை எப்போது, எவ்வாறு?

குழந்தை நலமாக எடை கூடி வந்தால் ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப் பின், ஒரு வயது நிறைவதற்குள் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதைப் பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புகிறார்கள். மிக முன்னதாகச் செய்தால் தசைகள் மெல்லியவையாக இருக்கும். மிகத் தாமதித்தால் இடைவெளி விரிந்து மூடுவது கடினமாகும். இதயக் குறையோ வேறு அவசரமோ இருந்தால் இவ்வரிசை மாறும்.

இடைவெளி சிறியதானால் அதனைச் சுற்றியுள்ள தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடலாம். கீழ்விலா எலும்புகளே இல்லாதபோது தசைகளைப் பிடித்துத் தைக்க மேலே விளிம்பு இருக்காது; இடைவெளியும் பெரிதாக இருக்கும். அப்போது மெஷ் எனப்படும் வலைத்துணி வைத்து வலுவூட்டுவார்கள். இது முழு மயக்கத்தில் செய்யப்படும்.

அறுவைக்கு முன் பட்டினி இருக்கும் நேரத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பொதுவாகத் தாய்ப்பாலை 4 மணி நேரத்திற்கு முன்பும், பசும்பால், புட்டிப்பால் ஆகியவற்றை 6 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் சொல்லும் நேரமே இறுதியானது. அழுகிறதே என்று இரக்கப்பட்டு யாரும் அறியாமல் பால் புகட்டினால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே கேடாகலாம். தவறி ஊட்டிவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

வீட்டில் செய்யக்கூடாதவை

வீக்கத்தின் மேல் நாணயம் வைத்துக் கட்டுதல், இறுக்கமான துணியால் சுற்றுதல், எண்ணெய் பூசி உருவிவிடுதல், சூடு வைத்தல் ஆகியவை பயன் தருவதில்லை. வெளியே வந்த குடலை நசுக்கவும், தோலைப் புண்ணாக்கவும் இவற்றால் இயலும். கொழுப்புக் கட்டி என்று எண்ணி ஊசியால் குத்தவோ கீறவோ எவரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருப்பது குடலாகவோ, தண்டுவடத்தின் உறையாகவோ இருக்கக்கூடும். எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் அழுத்தாமல் விட்டால் போதும். ஆச்சிமாருக்கு இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.

எப்போது உடனே வர வேண்டும்?

இடுப்புப் பக்கக் குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொள்வது குழந்தைகளுக்கு அரிதே. எனினும் பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கலாகாது.

• அழுகை நின்ற பிறகும் வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாக நிற்பது
• வீக்கத்தின் மேல் தோல் சிவந்து அல்லது கருத்து, தொட்டால் குழந்தை துடிப்பது
• பச்சையாகவோ மஞ்சளாகவோ திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது
• வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாதிருப்பது
• பால் குடிக்க மறுத்து, சோர்ந்து கிடப்பது

பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு. மலையடிவார ஊர்களில் இருப்போர் பேருந்துக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வரும் வழியில் குழந்தைக்குப் பாலோ நீரோ கொடுக்க வேண்டாம்.

தழும்பு ஆறிய பின்பும் வர வேண்டும்

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. புண் ஆறி, வீக்கம் மறைந்ததும் குழந்தை குணமாகிவிட்டது என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். தந்தை வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார், ஒரு நாள் கூலியை இழந்து வருவது தாய்க்கு எளிதன்று, வருகை நின்றுவிடுகிறது. தசையின் ஓட்டையைத்தான் நாங்கள் மூடினோம். அரை முள்ளெலும்பு அப்படியே இருக்கிறது. குழந்தை வளரும்போது அதுவும் வளர்ந்து முதுகை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளும், பருவமடையும் ஆண்டுகளும் முதுகெலும்பு விரைந்து வளரும் காலங்கள். வளைவு கூடுவதும் அக்காலங்களிலேதான்.

பிறவி வளைவை உடற்பயிற்சியோ எண்ணெய்த் தடவலோ நேராக்காது. ஆனால் வளைவு கூடுகிறது என்பதை முன்னதாகக் கண்டுகொண்டால் எலும்பு மருத்துவர் உரிய வயதில் சிறிய அறுவையால் அதைத் தடுத்து நிறுத்த முடியும். இறுகிப்போன பின்பு வந்தால் அறுவையும் பெரிது, அபாயமும் பெரிது. எனவே மருத்துவர் குறித்த நாளில், வழக்கமாக ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்லது ஆண்டிற்கு ஒருமுறை, வளர்ச்சி முடியும் வரை வாருங்கள். இடையே வீட்டிலும் பார்க்கலாம். குழந்தையை நேராக நிறுத்தி, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலும், தோள்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தாலும், நடை மாறினாலும், பழகிய பின்னும் சிறுநீர் ஒழுகினாலும் குறித்த நாளுக்குக் காத்திராமல் வந்துவிடுங்கள்.

ஒரே சிறுநீரகம் உள்ள குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வாழலாம். ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

செலவும் உதவியும்

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் பிறவிக் குறைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மருத்துவக் குழுவினர் பார்த்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் சேர்ந்திருந்தால் அட்டையைக் கொண்டு வாருங்கள். இல்லையெனில் குடும்ப அட்டையுடன் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். 1965-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஐகிரவுண்டிலேயே இருப்பதால், அரசு மருத்துவமனையை நாட விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. எங்கே சிகிச்சை பெற்றாலும் எக்ஸ்ரே படங்களையும் அறுவைக் குறிப்பையும் ஒரே உறையில் பத்திரமாக வைத்திருங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் வளைவு கூடியதா என்பதை ஒப்பிட்டறிய முதல் படமே அளவுகோல்.

பெற்றோர் இறுதியாகக் கேட்பது ஒன்றுண்டு: ‘எங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஓடியாட முடியுமா? ஆற்றில் நீந்தலாமா?’ புண் நன்றாக ஆறி, மருத்துவர் பார்த்து ஒப்புதல் தந்த பின் பெரும்பாலான குழந்தைகள் ஓடலாம், விளையாடலாம், பெரியவர்கள் துணையோடு தாமிரபரணியில் நீந்தவும் செய்யலாம். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அப்பிள்ளையின் முதுகை எங்களுக்குக் காட்ட அழைத்து வாருங்கள்.